மாஸ்டர் மூடி வைத்த சீட்டு

அந்த ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் மாஸ்டர். மீதிப் பாதிப் பேர், அவரிடம் கற்றவர்கள் வண்டியில் வரும்போது ஓரமாக ஒதுங்கி நிற்கக் கற்றுக்கொண்டவர்கள். ஆகமொத்தம் ஊரே அவருக்குச் சிஷ்யர்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் பாக்கி. அந்த ஆள் அவர் வீட்டுக்குள்ளேயே, அவர் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டு இருந்தாள்.

"ஏங்க, எனக்கு எப்போ வண்டி ஓட்டக் கத்துக் குடுக்கப் போறீங்க?"

இந்தக் கேள்வி கல்யாணமான புதிதில் கொஞ்சலாக வந்தது. அப்புறம் கெஞ்சலாக வந்தது. இப்போதெல்லாம் கையில் கரண்டியோடு வருகிறது.

மாஸ்டரிடம் பதிலுக்குப் பஞ்சமே கிடையாது. மழை விடட்டும். வெயில் தாழட்டும். டயர் மாத்தட்டும். ரோடு போடறாங்க, முடியட்டும். ரோடும் போட்டு முடித்தாகிவிட்டது.

"புது ரோடும்மா. வழுக்கும்."

"சரி, நீங்க கத்துக் குடுக்க வேண்டாம். அடுத்த தெரு டிரைவிங் ஸ்கூல்ல ஒரு கண்ணாடிக்காரம்மா சொல்லிக் குடுக்கறாங்களாம். நான் அங்க சேந்துக்கறேன்."

"அடிப்பாவி! மாஸ்டர் பொண்டாட்டி அடுத்த ஸ்கூல்ல போய்ச் சேந்தா ஊர் சிரிக்காதா? நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு எல் போர்டு மாட்டறது?"

"அப்ப நீங்களே சொல்லிக் குடுங்க."

"மழை விடட்டும்."

ஆசைக்காகக் கேட்கிறவள் இல்லை அந்தம்மாள். அவள் வேலை போட்டோ ஸ்டூடியோவில். பகலெல்லாம் பாஸ்போர்ட் போட்டோ. "சிரிக்காதீங்க, நேரா பாருங்க, தோளை இறக்குங்க, மூச்சை விடுங்க." சாயங்காலமானால் வீடு வீடாகப் போய்க் கைக்குழந்தைகளைப் படம் எடுக்க வேண்டும். கேமரா பை ஒரு தோளில், முக்காலி ஒரு தோளில், விளக்கு கக்கத்தில். இத்தனையையும் தூக்கிக்கொண்டு பஸ் மாறிப் போகணும். முக்காலி எவர் விலாவிலாவது குத்தாத நாள் கிடையாது. திட்டு வாங்காத நாளும் கிடையாது. வாசலில் மாஸ்டரின் சொந்த வண்டி, துடைத்த துடைப்பில் பளபளவென்று, சும்மா நின்றுகொண்டிருக்கும்.

ஏன் இந்த மனுஷர் இப்படி? உண்மையைப் போட்டு உடைத்துவிடுகிறேன். பயம்தான்.

அந்தம்மாள் எதைத் தொட்டாலும் மாஸ்டரைவிட நன்றாகச் செய்துவிடுவாள். சொட்டுகிற குழாயை மாஸ்டர் சரிசெய்தால் அது ஒழுகும். அவள் சரிசெய்தால் அடங்கும். மின்சார ஆபீசில் மாஸ்டர் சண்டை போட்டால் இருக்கிற கரண்டும் போகும். அவள் போய் நின்றால் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். மாஸ்டர் மேடையில் பேசிக் கைதட்டு வாங்கிய ஒரே பேச்சு அவள் எழுதிக் கொடுத்தது. வீட்டில் தன் ராஜ்யம் என்று அவருக்கு மிச்சம் இருந்தது வண்டியின் ஸ்டியரிங் ஒன்றுதான். அதையும் அவள் பிடித்துவிட்டால், அப்புறம் தன் வீட்டில் தானே விருந்தாளி. பாவம், அந்தக் கவலையில் அவருக்குச் சாப்பாடே இறங்காது. அதாவது மூன்றாம் தடவை போட்டுக்கொள்கிற சாப்பாடு.

இந்த நேரத்தில்தான் மாடி வீட்டுக்குக் கப்பல் அண்ணன் குடி வந்தார். சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கடலில் கற்ற சமையலை வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. கடலில் கற்ற சீட்டாட்டம் மட்டும் செல்லுபடி ஆயிற்று. மொட்டை மாடியில் பாயை விரித்து, மாஸ்டரையும் தெருமுனை மருந்துக்கடைக்காரரையும் உட்கார வைத்து, ஸ்டட் போக்கர் சொல்லிக்கொடுத்தார்.

"ஆளுக்கு அஞ்சு சீட்டு. முதல் சீட்டு கவுத்துப் போடுவேன். அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். பாக்கி நாலும் ஒண்ணொண்ணா, எல்லார் கண்ணுக்கும் தெரிய, திறந்து விழும். ஒவ்வொரு சீட்டு விழும்போதும் பந்தயம் ஏத்தலாம். ஒத்துக்கிட்டு கூட வரலாம். பயமா இருந்தா சீட்டைக் கவுத்துட்டு ஒதுங்கலாம்."

"அவ்வளவுதானா?" என்றார் மாஸ்டர்.

"அவ்வளவுதான். நாலு சீட்டை ஊரே பாக்குது. ஆட்டமே அந்த மூடின ஒரு சீட்டுலதான். அது என்னன்னு உங்க மூஞ்சி சொல்லக் கூடாது."

மாஸ்டர் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. மூஞ்சியா? அவர் மூஞ்சி சாதாரண மூஞ்சியா? பக்கத்தில் கற்றுக்கொள்கிற ஒருத்தர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்து, எதிரே லாரி வாயைப் பிளந்துகொண்டு வரும்போதுகூட, "பரவால்ல தம்பி, இடது பக்கம் கொஞ்சம் ஒடிங்க" என்று தாலாட்டுப் பாடுகிற மூஞ்சி. கல்லுளிமங்கன் கெட்டான்.

சொன்னபடியே ஆயிற்று. மாடியில் மாஸ்டர் ஜெயித்த ஜெயிப்பை என்னவென்று சொல்ல! கையில் ஒன்றுமே இல்லாமல் சம்மணம் போட்டுக் கல்லாக உட்கார்ந்திருப்பார். மருந்துக்கடைக்காரர் வியர்த்துப் போய்ச் சீட்டைக் கவிழ்த்துவிடுவார். "மாஸ்டர், நீங்க பிறந்ததே இதுக்குத்தான்" என்றார் கப்பல் அண்ணன்.

புகழ்ச்சி தலைக்கேறினால் யோசனையும் கூடவே ஏறும். மாஸ்டருக்கு ஏறிற்று.

"இங்க பாரும்மா," என்றார் ஒரு சனிக்கிழமை மத்தியானம். "தினம் தினம் இந்தச் சண்டை வேண்டாம். நியாயமா ஒரு முடிவு பண்ணிடலாம். ஒரு சீட்டாட்டம். நான் ஜெயிச்சா நீ இனிமே ஸ்டியரிங்ங்கற வார்த்தையையே எடுக்கக் கூடாது."

"நான் ஜெயிச்சா?"

"அது எங்க நடக்கப் போகுது..."

"நடக்காதுன்னா சொல்லிட வேண்டியதுதானே? நான் ஜெயிச்சா நான் வண்டி ஓட்டக் கத்துக்குவேன். நீங்க மறுபேச்சு பேசக் கூடாது."

"சரி."

"ஒரு வார்த்தை?"

"ஒரு எழுத்துகூடப் பேச மாட்டேன். போதுமா?"

"போதும். ஆனா எனக்கு ஆட்டம் தெரியாதே?"

"நான் இருக்கேன்ல! இன்னிக்குச் சொல்லித் தரேன். நாளைக்கு ஆட்டம். அண்ணன் சீட்டுப் போடுவாரு."

பாருங்கள் அந்த மனுஷரின் கெட்டிக்காரத்தனத்தை. கார் ஓட்டச் சொல்லித்தர வருஷக்கணக்காக நேரம் இல்லாதவருக்கு, சீட்டாடச் சொல்லித்தர ஒரு மத்தியானம் உடனே கிடைத்துவிட்டது.

பாயை எடுத்தாள் அந்தம்மாள். மாஸ்டர் தடுத்தார். "பாய் எல்லாம் மாடியோட. இது பெரிய ஆட்டம். மேஜைலதான் ஆடணும், எதிரும் புதிருமா. அப்பத்தான் ஒரு கௌரவம்." சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, இரண்டு நாற்காலி போட்டார். மேஜை பழசு. அடியில் கால் வைத்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை உண்டு.

பந்தயத்துக்குக் காசு வேண்டாம் என்றாள். ஸ்டூடியோவிலிருந்து ஒரு டப்பா நிறையக் கெட்டுப்போன பாஸ்போர்ட் போட்டோக்களைக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினாள். கண் மூடியவர்கள், வாய் திறந்தவர்கள், தும்மலுக்கு முந்தின நொடியில் மாட்டிக்கொண்டவர்கள். ஆளுக்குப் பாதி. மூடின கண்ணுக்கு ஒரு மதிப்பு, கொட்டாவிக்கு ரெட்டிப்பு மதிப்பு.

"முதல்ல ஜோடி," என்று பாடத்தை ஆரம்பித்தார் மாஸ்டர். "ஒரே மாதிரி ரெண்டு சீட்டு வந்தா ஜோடி. அதுக்கு மேல ரெண்டு ஜோடி. அதுக்கு மேல ஒரே மாதிரி மூணு. அப்புறம் வரிசையா அஞ்சு. அதுக்கும் மேல அஞ்சும் ஒரே இனம், அஞ்சும் ஆட்டின், இல்ல அஞ்சும் ஸ்பேடு."

"ரெண்டு ராணி பெரிசா, ரெண்டு ராஜா பெரிசா?"

"ராஜாதான்."

"இது யார் போட்ட சட்டம்?"

"சட்டம்னா சட்டம்தான். கேள்வி கேக்காத."

"ரெண்டு பேருக்கும் ஒண்ணுமே அமையலேன்னா?"

"பெரிய சீட்டு வச்சிருக்கறவங்க ஜெயிப்பாங்க. வீட்டுல மாதிரி."

"அப்படியா? சரி, சீட்டைப் போடுங்க."

அன்றைக்கு அந்தம்மாள் ஆடிய அழகைப் பார்த்து மாஸ்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு ஆட்டத்திலாவது ஒதுங்கணுமே! கையில் சப்பைச் சீட்டு இருந்தாலும் கடைசி வரைக்கும் கூடவே வருவாள். "காட்டுங்க" என்பாள். மாஸ்டர் மூடின சீட்டைத் திருப்பிக் காட்டுவார். "அடடா" என்று கொட்டாவிகளைத் தள்ளிவிடுவாள். எப்போதாவது மாஸ்டரிடம் ஒன்றுமில்லை என்று தெரியவந்து அவள் ஜெயித்தாலும், "ஓ, நான்தானா?" என்று அப்பாவியாகக் கேட்பாள். நடுநடுவே எழுந்து போய் அவர் முன்னால் டம்ளர் விளிம்பு வரைக்கும் தண்ணீர் வைத்தாள். "தொண்டை காயும். குடிங்க."

'என்ன கரிசனம்!' என்று மாஸ்டர் உருகிப் போனார். பாவம், நாளைக்கு இவளைத் தோற்கடிக்கணுமே என்று கொஞ்சம் வருத்தம்கூடப் பட்டார்.

"ஒவ்வொரு தடவையும் பாக்கணும்னு வராத. அது நஷ்டம்," என்று பெருந்தன்மையாக ஒரு புத்திமதியும் சொன்னார்.

"நாளைக்கு வரமாட்டேங்க," என்றாள் அவள். பாடம் முடிந்ததும் கடைத்தெருவில் வேலை இருக்கிறது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை. சீட்டுக்கட்டோடு கப்பல் அண்ணன் வந்து மேஜைத் தலைமாட்டில் உட்கார்ந்தார். மருந்துக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்து சுவரோரமாக நின்றார். டம்ளர் நிறையத் தண்ணீர் மாஸ்டர் முன்னால் வந்தது.

முதல் ஆட்டம். மாஸ்டருக்கு மூடின சீட்டு ஏஸ். திறந்த சீட்டிலும் ஒரு ஏஸ். முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு பந்தயத்தை ஏற்றினார். அந்தம்மாள் டம்ளரை ஒரு பார்வை பார்த்தாள். சீட்டைக் கவிழ்த்துவிட்டாள்.

"என்னம்மா, ஒதுங்கிட்ட?"

"பயமா இருக்குங்க."

இரண்டாம் ஆட்டம். மாஸ்டரிடம் ஒன்றுமில்லை. ராஜா ஒன்று திறந்து கிடந்தது, அதை வைத்து மிரட்டினார். அதே கல் முகம்.

"நான் வரேன். காட்டுங்க."

மாஸ்டர் காட்டினார். மூன்று கண்மூடிகளும் ஒரு கொட்டாவியும் அந்தப் பக்கம் போயின.

மூன்றாம் ஆட்டம். மாஸ்டருக்கு ஒரே மாதிரி மூன்று சேர்ந்தது. ஒதுங்கிவிட்டாள். நாலாவதில் வெறும் குப்பை. கூடவே வந்தாள். மாஸ்டருக்கு நல்ல சீட்டு வந்தால் அந்தம்மாளுக்குப் பயம் வருகிறது. மோசமான சீட்டு வந்தால் தைரியம் வருகிறது. இது என்ன மாயம்? மாஸ்டர் முகத்தை இன்னும் இறுக்கினார். புருவம், மூக்கு, காது எல்லாம் கல். மருந்துக்கடைக்காரர் பயந்துபோய், "மாஸ்டர், மூச்சு விடறீங்களா?" என்று கேட்டேவிட்டார்.

மாஸ்டர் பக்கம் குவியல் இளைத்துக்கொண்டே வந்தது. கடைசியில் எல்லாவற்றையும் ஒரே ஆட்டத்தில் மீட்டுவிடுவது என்று முடிவு கட்டினார். அதற்கேற்ற மாதிரி சீட்டும் விழுந்தது.

அவருக்கு முதலில் திறந்தது ஆட்டின் ஒன்பது. அந்தம்மாளுக்கு ஒரு ஆறு. அடுத்து அவருக்கு ஆட்டின் ராஜா. அவளுக்கு ஒரு ஜாக்கி. அடுத்து ஆட்டின் அஞ்சு. அவளுக்கு இன்னொரு ஆறு. ஆறு ஜோடி, ஊரே பார்க்கத் திறந்து கிடக்கிறது. கடைசிச் சீட்டு: அவருக்கு ஆட்டின் ராணி. அவளுக்கு ஒரு துக்கடா ரெண்டு.

"நாலும் ஆட்டின்!" என்று மருந்துக்கடைக்காரர் வாயில் கைவைத்தார். மூடின சீட்டும் ஆட்டின் என்றால் அஞ்சும் ஒரே இனம். அதன் முன்னால் ஆறு ஜோடியெல்லாம் எம்மாத்திரம்? புத்தியுள்ள எவரும் கவிழ்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

மூடின சீட்டு கிளாவர் மூணு, வேறு இனம். சல்லிப் பிரயோஜனம் கிடையாது. ஆனால் அது மாஸ்டருக்கு மட்டும்தானே தெரியும்!

அவர் மிச்சமிருந்த அத்தனை முகங்களையும் இரண்டு கையாலும் நடு மேஜைக்குத் தள்ளினார். "எல்லாம்," என்றார். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அந்த ஒரு நொடிக்கு, சொல்லத்தான் வேண்டும், அவர் மகா கலைஞர்.

அந்தம்மாள் அவசரப்படவில்லை. பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்தாள். அப்புறம் டம்ளரைப் பார்த்தாள். அப்புறம் தன் குவியலிலிருந்து சரிக்குச் சரியாக எண்ணி நடுவில் வைத்தாள்.

"காட்டுங்க."

"நல்லா யோசிச்சுக்கோ. நாலு ஆட்டின் தெரியுது."

"தெரியுது. காட்டுங்க."

"அப்புறம் வருத்தப்படக் கூடாது."

"காட்டுங்கன்னா."

கிளாவர் மூணு திரும்பி விழுந்தது. ஆறு ஜோடி ஜெயித்தது. மருந்துக்கடைக்காரர் அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"எப்படி?" என்றார் மாஸ்டர். அழாத குறை. "என் மூஞ்சில என்ன தெரிஞ்சுது? சொல்லு. மூஞ்சில என்ன தெரிஞ்சுது?"

"மூஞ்சில ஒண்ணுமே தெரியலீங்க. எத்தனை ஆயிரம் மூஞ்சி பாத்திருக்கேன், இப்படி ஒரு கல்லைப் பாத்ததில்ல. உங்க மூஞ்சியை நான் அரை மணியிலயே கைவிட்டுட்டேன்."

"பின்ன?"

"பிரேக் போடறீங்க."

"என்னது?"

"கையில ஒண்ணுமில்லாம பந்தயம் ஏத்தும்போது உங்க கால் பிரேக் போடுதுங்க. மேஜைக்கு அடியில இருக்கற கட்டையில. தினம் பக்கத்து சீட்ல உக்காந்து, வாத்தியாருக்குன்னு அங்க வச்சிருக்கற பிரேக்கை ஆபத்து வரும்போதெல்லாம் மிதிச்சு மிதிச்சுப் பழகின கால். அது மிதிச்சா மேஜை அதிருது. மேஜை அதிர்ந்தா டம்ளர்ல தண்ணி ஆடுது. நல்ல சீட்டு வந்தா தண்ணி சும்மா இருக்கு. நேத்து ஒவ்வொரு ஆட்டமும் கடைசி வரைக்கும் கூடவே வந்து, சீட்டைக் காட்டச் சொல்லிப் பாத்து உறுதி பண்ணிக்கிட்டேன். இப்ப மிதிச்ச மிதியில தண்ணி வெளியவே வந்துடுச்சு, பாருங்க."

பார்த்தார். டம்ளரைச் சுற்றி மேஜை நனைந்திருந்தது. குனிந்து பார்த்தார். வலது கால் இன்னமும் கட்டையின்மேல், முழு பிரேக்கில் நின்றது.

கப்பல் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அதான் மாடியில ஜெயிச்சீங்களா! அங்க பாய்ல சம்மணம் போட்டு உக்காந்துட்டா கால் எங்கயிருந்து மிதிக்கும்? சும்மா கிடந்த மேஜையை இழுத்துப் போட்டு நீங்களே சூனியம் வச்சுக்கிட்டீங்களே! வீட்டம்மா உங்களுக்கு நெஜமாவே தண்ணி காட்டிட்டாங்க மாஸ்டர்!"

இந்த இடத்தில் வேறு புருஷனாக இருந்தால் கோபப்பட்டிருப்பான். மாஸ்டருக்கும் முதலில் அதுதான் வந்தது. ஆனால் வந்த வேகத்திலேயே அது எங்கேயோ போய்விட்டது. எதிரே உட்கார்ந்திருந்தவளை அவர் புதுசாகப் பார்த்தார். ஒரே மத்தியானத்தில் ஆட்டத்தைக் கற்று, ஆட்டக்காரனையும் கற்று, தோற்கிற மாதிரி தோற்று, அப்பாவி மாதிரி தண்ணீர் ஊற்றி... அப்பப்பா! இப்படி ஒரு மாணவி அவருக்கு வாய்த்ததே இல்லை. இந்தப் பார்வை ரோட்டில் இருந்தால் என்ன ஆகும்! எதிரே வருகிற வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று அதன் டிரைவருக்குத் தெரியும் முன்பே இவளுக்குத் தெரிந்துவிடுமே! இவளுக்கா இத்தனை வருஷம் மழையும் வெயிலும் சொன்னோம்? மாஸ்டருக்கு வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

"ஒத்துக்கிட்டேன்மா," என்றார். "நீ பெரிய ஆளு. நாளைக்குக் காலையிலயே ஆரம்பிச்சிடலாம்."

"ஆமாங்க. நாளைக்குக் காலையில ஆரம்பிக்குது," என்றாள் அவள்.

மறுநாள் மாஸ்டர் கோழிக்கு முன்னால் எழுந்தார். வண்டியைக் கழுவினார். கண்ணாடியைத் துடைத்தார். அவள் உயரத்துக்கு டிரைவர் சீட்டில் ஒரு தலையணை வைத்து, அது நழுவாமல் இருக்கிறதா என்று தானே உட்கார்ந்து பார்த்தார். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டார். வண்டியை வாசலை விட்டுத் தெருவுக்குக் கொண்டுவந்து, பக்கத்து சீட்டுக்கு மாறி உட்கார்ந்து, முதல் பாடத்தை மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். மாடியிலிருந்து எட்டிப் பார்த்த கப்பல் அண்ணனிடம், "பாருங்கண்ணே, ஒரே மாசம்! ஊர்லயே நம்பர் ஒன் ஆக்கிக் காட்டறேன்!" என்று கையை ஆட்டினார். ஸ்டியரிங் போய்விடுமே என்று இத்தனை நாள் கிடந்து தவித்த மனுஷர், இப்போது அதைக் கொடுப்பதற்காகத் தவித்தார்.

அந்தம்மாள் கேமரா பையோடு வெளியே வந்தாள். மாஸ்டர் உள்ளிருந்தே எட்டி டிரைவர் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். அவள் சிரித்துவிட்டு அவரைத் தாண்டி நடந்தாள்.

பின்னால் எல் போர்டு மாட்டிய இன்னொரு வண்டி வந்து நின்றிருந்தது. பக்கத்து சீட்டில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். அடுத்த தெரு ஸ்கூல்.

மாஸ்டர் பாதி உடம்பை ஜன்னல் வழியாக வெளியே நீட்டினார். "ஏம்மா! இது என்ன? நான் இங்க ரெடியா உக்காந்திருக்கேன்!"

"உங்ககிட்ட கத்துக்கறேன்னு நான் எப்பங்க சொன்னேன்? கத்துக்குவேன்னுதான் சொன்னேன்."

"நான் நல்லா சொல்லித் தருவேன்மா! சத்தியமா!"

"தருவீங்க. ஊருக்கே தெரியும். ஆனா உங்க பக்கத்துல உக்காந்தா நான் ரோட்டைப் பாக்க மாட்டேங்க. உங்க காலைத்தான் பாத்துக்கிட்டிருப்பேன். அது மிதிச்சா எனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சுடும். அப்புறம் நானா எப்ப கத்துக்கறது?"

மாஸ்டர் வானத்தைப் பார்த்தார்; மழை வருகிற அறிகுறியே இல்லை.

"எப்பத்தான் போய்ச் சேந்த?" என்றார்.

"சனிக்கிழமை சாயங்காலம். நீங்க சீட்டு சொல்லிக் குடுத்து முடிச்சதும், நேரா போய்ப் பேர் குடுத்துட்டேன்."

"ஆட்டமே ஞாயித்துக்கிழமைதானேம்மா!"

"ஆமாங்க."

அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்காரம்மா ஏதோ சொன்னாள். அவள் தலையை ஆட்டினாள். என்ஜின் ஒரு உதறல் இல்லாமல் எழுந்தது. கிளட்சை விட்ட பதம் இருக்கிறதே, முதல் நாளில் அப்படி விட்ட ஆளை மாஸ்டர் தன் சர்வீசில் பார்த்ததில்லை. "பலே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். கண்கூடக் கலங்கிற்று.

வண்டி நகர்ந்து அவர் ஜன்னலுக்கு நேராக வந்து நின்றது. அந்தம்மாள் தலையை நீட்டினாள். மாஸ்டர் ஆசையோடு நிமிர்ந்தார்.

"ஏங்க, உங்க வண்டியைக் கொஞ்சம் ஓரங்கட்டுங்க. நாங்க திரும்பணும்."